ஆணி வேண்டாத சுவர்

ஜொங்ஹே,
மார்ச் 4

வான்யு,

இன்று காலை பட்டறையைத் திறந்ததும் நான் முதலில் செய்தது, உன் பெயர் இருந்த ஆர்டர் தாளை அடுக்கின் மேலிருந்து உருவி அடியில் செருகியதுதான். விளக்குகூடப் போடவில்லை. வேறு யாராவது எடுத்து அச்சுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்று பயம். அப்புறம்தான் விளக்கைப் போட்டு, தாளை மறுபடி எடுத்து, முகவரியைப் படித்தேன். கீலுங், ஏழாவது மாடி. அந்த வீடேதான்.

நான் இங்கே வேலை பார்ப்பது உனக்குத் தெரியாது. பதிப்பகத்தை மூடிவிட்டார்கள். போன கோடையில் இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். படத்தைத் தாளில் அச்சிட்டு, உலோகத் தகட்டின் மேல் வைத்துச் சூட்டில் அழுத்தினால் மை ஆவியாகித் தகட்டுக்குள் இறங்கிவிடும். மூலப்படத்தின் வண்ணமும் தகட்டின் வண்ணமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. புத்தகத்தில் எழுத்துப் பிழை பார்த்தவளுக்கு இங்கே வண்ணப் பிழை.

நீ என்னைக் கைபேசியில் தடுத்து வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அதனால் தாளில் எழுதுகிறேன். கேள்வி கேட்க எனக்கு உரிமை கிடையாது, கேட்கப்போவதும் இல்லை. தொழில் சம்பந்தமாக மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்.

மூன்று சர்ரியலிச ஓவியங்கள் கேட்டிருக்கிறாய். கடலிலிருந்து தானாகப் படியேறி வரும் கோட்டு. ஆற்றுப் படுகையில் போட்ட சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மீன்கள். கொடியில் துணி மாதிரி காயப்போட்ட வானம். மூன்றும் இரும்புத் தகட்டில், பளபளப்பான மேற்பரப்பில், சுவரில் பிசினால் ஒட்டும் காந்தத்தில் பிடித்துக்கொள்கிற மாதிரி. குறிப்பில், "சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, துளை போடக்கூடாது" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறாய்.

கீலுங்கில் வருடத்தில் பாதி நாள் மழை. சுவரே வியர்க்கும் ஊர். இரும்புத் தகட்டின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், இரண்டு மாதத்தில் துரு இறங்கிவிடும். அலுமினியத் தகடு துருப்பிடிக்காது, ஆனால் அதைக் காந்தம் பிடிக்காது. அதை மாட்ட ஆணி வேண்டும். வலைத்தளத்தில் இதை யாரும் எழுதிவைப்பதில்லை. தெரியாமல் கேட்டிருப்பாய் என்று தோன்றியது.

என்ன செய்யலாம் என்று எழுது. ஒரு வாரம் இந்தத் தாளை அடியிலேயே வைத்திருக்க முடியும்.

பெய்ரோங்


கீலுங்,
மார்ச் 7

வெய் பெய்ரோங் அவர்களுக்கு,

வாடிக்கையாளரின் முகவரியைப் பார்த்துச் சொந்தக் கடிதம் எழுதுவது உங்கள் பட்டறையின் வழக்கமா? தெரிந்திருந்தால் வேறு இடத்தில் வாங்கியிருப்பேன். இந்தத் தீவில் படம் அச்சிடும் ஆயிரம் பட்டறைகளில் நான் சரியாக உங்களுடையதைத் தேர்ந்தெடுத்ததற்கு என்னையே நொந்துகொள்கிறேன்.

கேட்கப்போவதில்லை என்று எழுதிவிட்டு நீ கேட்டிருப்பது எனக்குப் புரியாமல் இல்லை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ஆணி அடித்தால் கருவுக்கு ஆகாது என்ற நம்பிக்கை உனக்குத் தெரிந்ததுதான், "ஆணி அடிக்கக்கூடாது" என்ற வரியைப் பார்த்ததுமே விரல்விட்டு எண்ண ஆரம்பித்திருப்பாய். எண்ணவேண்டாம். ஒன்பதாவது வாரம். மூன்று மாதம் ஆகும்முன் வெளியே சொல்லக்கூடாது என்று அத்தை வாயைக் கட்டிவைத்திருக்கிறார். நான் சொல்லவில்லை, நீயாகக் கண்டுபிடித்தாய். யாராவது கேட்டால் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

எத்தனை ஊசி போட்டு இந்த ஒன்பது வாரம் வந்தது என்று உனக்குத் தெரியவேண்டியதில்லை. போன வாரம் லேசாக உதிரம் பட்டது. பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு, குளிக்கவும் கழிக்கவும் மட்டும் எழுந்திருக்கலாம். மீதி நேரமெல்லாம் இடது பக்கமாகச் சாய்ந்து ஒரே சுவரைப் பார்த்துக் கிடக்கிறேன். ஸோங்ஹான் முதலில் ஒரு கடற்கரைப் படத்தை ஒட்டினார். ஒரே நாளில் அதைப் பார்த்து முடித்துவிட்டேன். எத்தனை அலை, எத்தனை தென்னை என்று எண்ணியாகிவிட்டது, கணக்கு டீச்சர் அல்லவா. எண்ணி முடிக்க முடியாத படம் வேண்டும் என்றுதான் இவற்றைத் தேடினேன். மீன்கள் யாருக்காகக் காத்திருக்கின்றன என்று நாள் முழுக்க யோசிக்கலாம்.

இரும்பே போதும். துருப்பிடித்தால் பிடிக்கட்டும். அக்டோபர் வரை தாங்கினால் சரி. கேட்டபடி அச்சிட்டு அனுப்பவும்.

ஹுவாங் வான்யு

(ஆமாம், கணவர் குடும்பப் பெயரைத்தான் போட்டிருக்கிறேன். இந்தக் காலத்தில் யாரும் போடுவதில்லை என்று உன் குரலிலேயே எனக்குக் கேட்கிறது.)


ஜொங்ஹே,
மார்ச் 10

வான்யு,

உன் கடிதத்தைப் பட்டறைப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். வாழ்த்து எழுதப் பேனாவை எடுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டேன். மூன்று மாதம் ஆகும்முன் வாழ்த்தினால் உனக்குப் பிடிக்காது. நான் நம்பாவிட்டாலும், நீ நம்புவதை மிதிக்கக்கூடாது என்று இப்போதாவது தெரிந்துவைத்திருக்கிறேன்.

இரும்பில் அச்சிட மாட்டேன். கோபித்துக்கொள். அலுமினியத் தகட்டில் அச்சிட்டு, பின்னால் இரண்டு மெல்லிய இரும்புப் பட்டைகளை ஒட்டித் தருகிறேன். காந்தம் பட்டையைப் பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் துரு வராது. முதலாளி ட்சாயிடம் கேட்டேன். வழக்கமில்லாத வேலை என்று முனகிவிட்டு ஒத்துக்கொண்டார். மீன் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், "இதப் படுக்கையறையில மாட்டப் போறாங்களா? மீனுங்க எல்லாம் ஒரு நாள் சோறு கேட்டா என்ன பண்ணுவாங்க?" என்றார். ஊரில் இல்லாத தங்கையின் வீட்டுக்கு என்று மட்டும் சொன்னேன்.

இன்னொன்று. பளபளப்பு வேண்டாம், மங்கலான மேற்பரப்பு எடுத்துக்கொள். காரணத்தை எழுதத் தயக்கமாக இருக்கிறது. பளபளப்பான தகடு பாதிக் கண்ணாடி. வானப் படத்தில் வெளிர் நிறம் அதிகம், எதிரே படுத்திருந்தால் அந்த இடத்தில் ஜன்னலும் கட்டிலும் நீயும் தெரிவீர்கள். கட்டிலுக்கு எதிரே கண்ணாடி வைக்க அத்தை விடமாட்டார் என்பது ஒரு பக்கம். நீ தேர்ந்தெடுத்த மூன்று படங்களிலும் ஒரு மனித முகம்கூட இல்லை. அது தற்செயலாக இருக்காது என்று தோன்றியது. பளபளப்பாக அச்சிட்டால் மூன்றிலும் ஒரு முகம் வந்துவிடும்.

இரண்டு மாதிரித் துண்டுகளை இதோடு வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார். ஓரம் கூர்மை, விரல் பத்திரம்.

ஒட்டும் நாளுக்கு முந்தின நாளே சுவரை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட வேண்டும். இல்லையென்றால் காந்தத்தின் பிசின் பிடிக்காது. ஸோங்ஹானிடம் சொல். அல்லது நான் வந்து ஒட்டித் தருகிறேன். நீ வேண்டாம் என்றால் வரவில்லை.

பெய்ரோங்


கீலுங்,
மார்ச் 14

பெய்ரோங்,

மங்கலானதே இருக்கட்டும். நீ சொன்னது சரி. அதை ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது.

முகம் வேண்டாம் என்பது தற்செயல் இல்லை. போன தடவை அத்தை ஒரு குழந்தைப் படம் வாங்கிவந்து கட்டிலுக்கு எதிரே ஒட்டினார். பார்ப்பது எதுவோ பிறப்பது அதுபோல இருக்கும் என்று இங்கே எல்லா மாமியாரும் செய்வதுதான். கன்னத்தில் குழி விழுகிற வெள்ளைக்காரக் குழந்தை. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று அது சுவரில் சிரித்துக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் எடுக்க மறந்துவிட்டார்களா, தொடப் பயந்தார்களா, தெரியாது. நான்தான் நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஒரு காது மட்டும் வரவில்லை, சுண்ணாம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன்மேல் ஸோங்ஹான் வண்ணம் பூசினார்.

அதனால் இந்தத் தடவை நானே தேடினேன். முகமே இல்லாத படங்கள். யாரையும் எதிர்பார்க்காதவை.

நேற்று அத்தை என் கைபேசியில் அந்தக் கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டார். "வெறும் கோட்டு மட்டும் படியேறுது, உள்ள ஆள் எங்க? பத்து மாசம் இதையே பார்த்துக்கிட்டுக் கெடந்தா சட்டைதான் வரும், புள்ள வராது" என்றார்.

"போன தடவ சிரிக்கிற கொழந்தையப் பார்த்துக்கிட்டுத்தான் கெடந்தேன் அத்தை. அதுவும் வரல" என்றேன்.

அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவர் சமையலறைக்குள் போய்விட்டார். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. பிறகு புதுத் துடைப்பம் ஒன்றோடு வந்து எந்த இடத்தில் ஒட்டப்போகிறோம் என்று கேட்டார். பஞ்சாங்கத்தைப் பார்த்து, வீட்டில் நாளுக்கோர் இடத்தில் தங்கும் கருவின் தெய்வம் இன்று இந்த அறையில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது என்றார். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று துடைப்பத்தால் சுவரை மெதுவாகத் தட்டி, "கொஞ்சம் நகந்துக்குங்க, புள்ளைக்குப் படம் மாட்டணும்" என்று காற்றிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டும் வயிற்றை இழுக்கும் என்பதால் இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். வந்து ஒட்டித் தருவதாக எழுதியிருக்கிறாய்.

இரண்டு வருடத்துக்கு முன் நீ அலமாரி மாட்டச் சுத்தியலோடு வந்தபோது எனக்கு ஏழாவது வாரம். இந்தச் சுவர் கான்கிரீட். ஓர் ஆணிக்குப் பத்து அடி. நான்கு ஆணி. ஒவ்வோர் அடியும் என் பல்லில் விழுந்தது. அத்தை சொல்லக்கூடாது என்றதற்காக நான் வாயை மூடிக்கொண்டு உனக்குத் தேநீர் போட்டேன். ஒன்பதாவது நாள் மருத்துவமனை நடைபாதையில், அத்தை முன்னால், நீ சொன்னாய்: "நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சுத்தியலத் தொட்டிருப்பேனா?"

அதற்காகத்தான் உன்னைத் தடுத்து வைத்தேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. நீ சொன்னதை நான் நம்பினேன். சொல்லாமல் நின்றது நான்தானே என்று இரண்டு வருடமாக அதைச் சுமக்கிறேன். ஆணியில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பதல்ல. நிறுத்தச் சொல்லும் வாய் எனக்கு இருந்தது, நான் அதைத் திறக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் அது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் படுத்தே கிடப்பவளுக்கு எல்லாம் திரும்ப ஓடுகிறது. அன்று என் மாத்திரைக் குப்பி அரிசிக் குக்கருக்குப் பின்னால் இருந்தது. கர்ப்பிணிகள் மட்டும் சாப்பிடும் மாத்திரை, பெயர் வெளியே தெரிகிற மாதிரி. நீ போன பிறகு பார்த்தபோது பெயர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. ஸோங்ஹான் திருப்பவில்லை. அத்தை அன்று வரவே இல்லை.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது. தெரியாது என்றால் குற்றம் என்னுடையது, நீ வந்து உன் கையாலேயே படத்தை ஒட்டு. தெரியும் என்றால் நான் சுமந்தது என்னுடையதே இல்லை. அப்படியானால் படங்களை அனுப்பிவிடு. நீ வராதே.

வான்யு


ஜொங்ஹே,
மார்ச் 18

வான்யு,

கோட்டும் மீனும் தயார். வானம்தான் படுத்துகிறது. இரண்டு முறை அழுத்தியும் நீலம் ஊதாவில் போய் நிற்கிறது. சூடு ஒரு டிகிரி கூடினாலும் அலுமினியத்தில் அப்படி ஆகும். மூன்றாவது முறை நாளைக்கு. மூலப் படத்தில் கொடியின் இடது மூலையில் ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது, கிழிந்த வானத்தைத் தைத்த மாதிரி. சின்னத் திரையில் நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். தகட்டில் அது தெளிவாக விழவேண்டும் என்று பார்க்கிறேன்.

பின்பட்டைகளைத் தூக்கிப் பார்த்தாகிவிட்டது, இரண்டு மடங்கு எடையைத் தாங்குகின்றன. உன்மேல் எதுவும் விழாது.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

பெய்ரோங்


கீலுங்,
மார்ச் 26

அக்கா,

நீலத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

இருபதாம் தேதியிலிருந்து மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தேன். மறுபடி உதிரம். இப்போது நின்றிருக்கிறது. இதயத் துடிப்பைக் கேட்கவிட்டார்கள், யாரோ மாடிப்படியில் ஓடுகிற மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்கு அவள் அக்கா கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் ஓயாமல் சண்டை போட்டார்கள். நான் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டேன்.

படம் வரவில்லை. பதிலும் வரவில்லை. எது வந்தாலும் தாங்குவேன் என்று மருத்துவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதை நாம் இரண்டு பேரும் ஏற்கனவே ஒரு முறை செய்துவிட்டோம்.

வான்யு


ஜொங்ஹே,
மார்ச் 28

வான்யு,

தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை எழுதப் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். உன் உடம்புக்காகத் தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் உடம்புக்காக இல்லை. வராதே என்று நீ எழுதியிருந்ததற்காக.

அன்று சுத்தியலை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். ஓர் ஆணிதான் இறங்கியிருந்தது. குக்கருக்குப் பின்னால் குப்பியைப் பார்த்தேன். நானும் ஒரு காலத்தில் அதே மாத்திரையை வாங்கி வைத்திருந்தேன். திருமணம் முறிவதற்கு முந்தின வருடம், எதற்கும் இருக்கட்டும் என்று. அது யாருக்கும் தெரியாது. குப்பியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன், நான் பார்த்தது உனக்குத் தெரியக்கூடாது என்று.

நான் உன் அக்கா. நீ பிறந்தபோது உன்னை முதலில் தூக்கியவர்களில் ஒருத்தி. என்னிடம் சொல்லவில்லை, மாமியாரிடம் சொல்லியிருக்கிறாய். அந்த எரிச்சலோடு திரும்பி வந்து இரண்டாவது ஆணியை எடுத்தேன். நான் ஆணியை நம்புகிறவள் இல்லை, இப்போதும் இல்லை. அந்த ஆணியால் உன் குழந்தைக்கு எதுவும் ஆகவில்லை என்று எந்த மருத்துவர் முன்னாலும் சொல்வேன். ஆனால் நீ நம்புகிறாய் என்று எனக்குத் தெரியும். உனக்குள் ஒவ்வோர் அடியும் எங்கே விழும் என்றும் தெரியும். தெரிந்துதான் அடித்தேன். நீ "நிறுத்து" என்று சொல்வாய், ஏன் என்று கேட்பேன், அப்போதாவது என்னிடம் சொல்வாய் என்று. நீ வாசற்படியில் தேநீர்க் கோப்பையோடு நின்றாய். நீ பேசவில்லை. நான் மூன்றாவதை எடுத்தேன். நீ பேசவில்லை. நான்காவதை எடுத்தேன்.

மருத்துவமனை நடைபாதையில் அத்தை என்னைப் பார்த்த பார்வையில் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்தேன். என்மேல் விழவேண்டியதை எடுத்து உன்மேல் வைத்தேன். நீ அதைக் கீழே போட்டிருப்பாய் என்று நினைத்தேன். இரண்டு வருடம் சுமப்பாய் என்று நினைக்கவில்லை. நினைக்காததும் என் தவறுதான். இந்தக் கடிதத்தை அத்தையிடமும் ஸோங்ஹானிடமும் காட்டு. அவர்கள் முன்னால்தான் பொய் சொன்னேன்.

நீ சொல்லாமல் இருந்தது குற்றமில்லை. வீட்டில் சொன்னதைக் கேட்டு நின்றாய். குற்றம் என் கையில் இருந்தது, அதற்கு ஒரு பிடியும் இருந்தது.

படங்கள் மூன்றும் இன்று கூரியரில் வருகின்றன. வானத்தின் நீலம் நான்காவது முறை சரியாக வந்தது. ஸோங்ஹான் ஒட்டட்டும். முதலில் உன் கண் மட்டத்துக்கு, படுத்தபடி பார்க்கும் மட்டத்துக்கு, ஒரு பென்சில் கோடு போடச் சொல். நிற்பவர் மட்டத்துக்கு ஒட்டினால் உனக்குக் கழுத்து வலிக்கும். எல்லோரும் அந்தத் தவறைத்தான் செய்வார்கள்.

நீ வைத்த நிபந்தனையை மீற மாட்டேன். உன் வீட்டுக்கு வரமாட்டேன். மன்னிக்கச் சொல்லியும் கேட்கவில்லை, படுத்திருப்பவளிடம் அந்த வேலையையும் கொடுக்கக்கூடாது.

ஆனால் இதை எழுதிக்கொண்டு வரும்போது ஒன்றை முடிவு செய்தேன். ட்சாயிடம் சொல்லவில்லை, வாடகை வீட்டின் உரிமையாளரிடம் சொல்லவில்லை, இந்த உறையை ஒட்டும்வரை எவரிடமும் சொல்லப்போவதும் இல்லை. திங்கட்கிழமை விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டுக் கீலுங் வருகிறேன். உன் மருத்துவமனைக்குப் பின்தெருவில் மாத வாடகைக்கு அறைகள் விடுகிறார்கள். அக்டோபர் வரை அங்கே இருப்பேன். கதவைத் தட்டமாட்டேன், மழைக்கு ஒதுங்குகிற சாக்கில்கூட உன் தெருவுக்கு வரமாட்டேன். நீ கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்துசேருகிற தூரம். கூப்பிடாமலே போனாலும் அந்தத் தூரத்தில்தான் இருப்பேன்.

அக்கா